விசில்காரரின் கீழ்ப்பல்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒரே விசிலில் கிளியைப் பறக்கவும் டவுன் பஸ்ஸை நிற்கவும் வைத்த மனிதர் ஒருவர்தான். கம்பத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் நான் இருந்த காலம் அது. எங்கள் ஏட்டில்கூட ‘விசில்காரர், காமயகவுண்டன்பட்டி’ என்றுதான் எழுதியிருந்தேன். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

விரல் வைக்க மாட்டார். கீழ் முன்பல்லில் நாக்கை முட்டுக்கொடுத்து ஊதுவார். தன் திராட்சைப் பந்தலின் இந்தக் கோடியில் ஊதினால், அந்தக் கோடியில் பழம் தின்னும் கிளி கேரளா போய்த்தான் திரும்பிப் பார்க்கும். தோட்டம் ரோட்டோரம். கண்டக்டர் விசில் என்று நினைத்து டிரைவர் பிரேக் போடுவார், பிறகு தலையை வெளியே நீட்டித் திட்டுவார். தினமும் நடக்கும்.

ஒருநாள் அந்தப் பல் ஆட ஆரம்பித்தது. விசிலுக்குப் பதில் வெறும் காற்று வந்தது. கிளிகள் குடும்பத்தோடு வந்து இறங்கின.

கறுப்பு வேட்டியும் மலைக்குப் போட்ட மாலையுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாலை போட்டவரை எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

“டாக்டரம்மா, பல்லப் பிடுங்குறதா இருந்தா என் உசுரையும் சேத்துப் பிடுங்கிருங்க.”

“பிடுங்க வேணாம் சாமி. ஈறுக்குள்ள எலும்பு கரைஞ்சு பள்ளமா இருக்கு. சுத்தம் பண்ணி, எலும்புப் பொடி வச்சுத் தைச்சிரலாம்.”

நாற்காலியிலிருந்து குதித்துவிட்டார். “மாலை போட்டவன் வாயில எலும்பா! ஆடா, மாடா?”

“ரெண்டும் இல்ல. ஃபேக்டரியில செய்யிற செயற்கைப் பொடி. சந்தேகமா இருந்தா மலைக்குப் போயிட்டு வாங்களேன்.”

“அதுக்குள்ள கிளி பந்தலையே தூக்கிட்டுப் போயிரும்.”

பொடி வந்த பெட்டியை என்னிடம் கொடுத்து மூன்று முறை படிக்கச் சொன்னார். மறுநாள், மாலை போட்டுவிட்ட குருசாமியையே கூட்டி வந்துவிட்டார். குருசாமி பெட்டிக்குள் இருந்த பொடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கி, ஆட்டிப் பார்த்து, “வெபூதி மாதிரி சுத்தமாத்தேன் இருக்கு. வச்சுக்க சாமி” என்று உத்தரவு கொடுத்தார்.

சிகிச்சைக்குப் படுத்தவர் சும்மா படுக்கவில்லை. “பந்தக்காலுக்குக் கல்லுப் போட்டுக் கெட்டிக்கிற மாதிரி, நாலு கரண்டி கூடப் போடுங்க டாக்டரம்மா.”

“பள்ளம் கொள்ளுற அளவுதான் சாமி. கூடப் போட்டா நிக்காது. அப்புறம், ஆறு மாசம் விசில் கூடாது.”

மனிதர் முகம் செத்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கைதட்டினார், தகரம் தட்டினார். கிளிகள் அவரை மதிக்கவே இல்லை. கண் முன்னால் ஒரு வரிசைப் பழம் போனது. அவர் வீட்டுக்கார அக்கா எனக்கு போன் போட்டாள்: “ஏந்தாயி, அவுக தன்ன மறந்து ஊதிருவோமோன்னு வாயில துண்டக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறாக. ஊரே சிரிக்குது!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி வாக்குக் காத்த ஆளை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, மாலையைக் கழற்றிவிட்டு வந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்தோம். பழைய படத்தில் பல்லோரம் கறுப்பாக இருந்த பள்ளம், புதுப் படத்தில் வெளுத்துக் கிடந்தது. டாக்டர் பல்லை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“முழுசா நெறையல. ஆனா கெட்டியா நிக்குது. இனிமே ஊதலாம்ணே.”

“இங்கனயே ஒரு தடவ ஊதுங்கண்ணே” என்றேன் ஆசையாக.

“மொத விசிலு கிளிக்குத்தேன் ஆத்தா.” இரண்டு படத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் வேலையே இல்லாமல் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் ஏறினேன். தோட்டத்து வளைவில் ஒரு விசில். பஸ் குலுங்கி நின்றது. பந்தலுக்குள்ளிருந்து பச்சையாக ஒரு கூட்டம் எழுந்து மேற்கே பறந்தது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. டிரைவர் அன்றைக்குத் திட்டவில்லை, சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“என்னா சத்தம்மா அது?” என்றாள் பக்கத்து சீட்டு அம்மா.

“எங்க விசில்காரரு” என்றேன்.