பஸ் மினுக்கும் தகட்டு மினுக்கும்

அன்புள்ள தம்பி ஏசுபாதத்துக்கு, அக்கா விஜயகுமாரி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். என் முட்டிக்கு மட்டும் அந்தக் கிருபை இன்னும் போய்ச் சேரவில்லை. ஊரப்பாக்கத்தில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் பாதியில் "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்திடம் அது நடக்காது.

நம் பின்வாசலுக்கு எதிரே இருக்கிற உன் துண்டு நிலத்தையும் சோலார்காரன் குத்தகைக்குக் கேட்கிறானாமே, கொடுத்துவிடாதே. சுற்றியிருந்த வயல் முழுக்கத் தகடு போட்டுவிட்டான். எழுதாத சிலேட்டை வாத்தியாருக்குத் தூக்கிக் காட்டுகிற பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாய் நிற்கின்றன. உன் துண்டு வெறுமையாகக் கிடப்பதால்தான் அந்த வழியே தார் ரோடு இன்னும் தெரிகிறது. தெருவுக்கே பஸ் சொல்கிறவள் நான் என்பது உனக்குத் தெரியாதா? கடப்பாக்கம் பஸ் வளைவில் திரும்பும்போது கண்ணாடி வெயிலில் ஒரு மினுக்கு மினுக்கும், நான் குரல் கொடுப்பேன், அப்புறம்தான் மற்றவர்கள் செருப்பே மாட்டுவார்கள். ஐந்தாவது படித்தவளுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. இப்போது விடிந்ததிலிருந்து எல்லாமே மினுக்குகிறது. போன ஞாயிறு சந்திரம்மாவின் பேரனுக்குக் கடப்பாக்கத்தில் காதுகுத்து. தெருவே பட்டுப்புடவையில் நின்றது. "இன்னா பெரிம்மா, பஸ்ஸு கண்ணுல பட்டுதா?" என்றாள் பக்கத்து வீட்டு அம்சா. "வந்துகினே கீது, ஓடுங்கடி!" என்றேன். ஓடினார்கள், வியர்த்து நின்றார்கள், திரும்பி வந்தார்கள். மறுபடியும் ஓடவிட்டேன். மூன்றாம் தடவை சந்திரம்மா, "யக்கா, கொழந்தைக்குக் காது குத்தறதுக்குள்ள எனக்குக் காலு பூடும்!" என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆயா, பஸ்ஸு எங்க கீதுன்னு போன்லயே பாக்கலாம்" என்கிறாள், கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் என் பேத்தி அன்பரசி. கெட்டிக்காரி, என் ரத்தம்தானே! ஆனாலும் என் கண்ணை நான் விட்டுக்கொடுப்பேனா? யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன்: பஸ் அசையும், தகடு அசையாது. இனி ஏமாறவே மாட்டேன். அந்த வழியை மட்டும் மூடிவிடாதே தம்பி; மூடினால் அக்காவுக்கு வேலை போய்விடும்.

உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் என் ஆசீர்வாதம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
இன்னும் பதவியில் இருக்கும் உன் அக்கா,
விஜயகுமாரி

பின்குறிப்பு: இதைச் சாயங்கால பஸ்ஸில் போகிற அம்சாவிடம் தபாலில் போடக் கொடுக்க இருந்தேன். பையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வளைவில் ஏதோ மினுக்கியது. "பெரிம்மா, அது அசையுதே?" என்றாள். "தகட்டு மேல மேகம் போவுதுடி. எனக்குத் தெரியாதா? குந்து" என்றேன். மேகம் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. அம்சா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பி, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடு. நாளைக்கே மூடச் சொல்லு.