பியோனிப் பாத்தியில் ஒரு லூப் ஆன்டெனா

அந்தச் சனிக்கிழமை காலை வெர்னன் ஸ்டக்கி ஒரு சபதம் எடுத்தார். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் ஒரே ஒரு வாக்குவாதத்திலாவது ஆர்லினை ஜெயித்துவிடுவது. அதுவும் தன் வாயால் அல்ல. அந்த வாய் அவருக்கு என்றைக்கும் கைகொடுத்ததில்லை. கம்ப்யூட்டரின் வாயால்.

விஷயம் இதுதான். இந்தியப் பெருங்கடலில், ஆள் அரவமில்லாத ஒரு பாறைத் தீவில் நாலு பேர் கூடாரம் போட்டு ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூட்டை கட்டிவிடுவார்கள். அப்புறம் யார் எப்போது போவார்களோ! ஒஹையோவில், தூர தேசத்து ஆட்களோடு ரேடியோவில் பேசுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட வெர்னனின் ஹாம் ரேடியோ கிளப்பில் பாதிப் பேர் அவர்களோடு பேசி முடித்துவிட்டு, டோனட் கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே அவர் உயிரை எடுத்தார்கள். பேச அவரிடம் மேப்பிள் மரத்தில் கட்டிய நீளக் கம்பி இருந்தது. கேட்கத்தான் வழியில்லை. காதில் விழுந்ததெல்லாம் ஒரே ‘கர்ர்ர்.’

அதற்கு மருந்து ஒரு சின்ன லூப் ஆன்டெனா. ஆள் உயரக் கம்பத்தின் மேல் ஒரு செம்பு வளையம். இரண்டு பக்கம் நன்றாகக் கேட்கும், மற்ற இரண்டு பக்கம் செவிடு. செவிட்டுப் பக்கத்தை இரைச்சலை நோக்கித் திருப்பினால் இரைச்சல் ஒழிந்தது. அதை நட வெர்னன் பார்த்துவைத்த இடம் ஆர்லினின் பியோனிப் பூப் பாத்தி. காரணம், அங்கே மண் மெத்தென்று இருக்கும், முதுகு நோகாது. இதை வெளியே சொல்ல முடியுமா?

ஆன்டெனாவை எங்கே நட்டால் எப்படிக் கேட்கும் என்று கணக்குப் போடும் சிமுலேஷன் மென்பொருளோடு மூன்று நாள் மல்லுக்கட்டினார். கராஜ் ஓரம், குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்தாலும் அருமையாக வரும் என்று அது சொன்னது. அந்தக் கோப்பை அழித்தார். பியோனிப் பாத்திதான் சரி என்று விடை வரும்படி, ஆர்லின் நாற்று வளர்க்கும் சமையலறை விளக்கைக் கணக்கில் எட்டடி நகர்த்தினார். அப்புறம் ஆர்லினைக் கூப்பிட்டார்.

“பாரு ஆர்லின். நான் சொல்லலை, கம்ப்யூட்டர் சொல்லுது.”

திரையில் ஒரு வண்ண உருவம் சுழன்றது.

“அழகா இருக்கே! வேர்க்கடலையா?”

“லூப் எந்தப் பக்கம் கேக்கும்னு காட்டுற படம். இடுப்பு ஒடுங்கியிருக்கு பாரு, அந்தப் பக்கம் சுத்தமா செவிடு.”

“உன்னை மாதிரி.”

“அதை உன் தக்காளி நாத்து விளக்குப் பக்கம் திருப்பணும். இரைச்சலெல்லாம் அதுலேருந்துதான் வருது. பியோனிப் பாத்தியில வச்சாத்தான் கணக்கு சரியா வருது.”

ஆர்லினின் சிரிப்பு நின்றது. “வெர்ன், அது எங்கம்மா நட்டது. பிடுங்கி வேற இடத்துல வச்சா மூணு வருஷம் பூக்காது. மே மாசக் கடைசியில, நினைவு நாளுக்கு அம்மா கல்லறைக்கு எதைக் கொண்டுபோறது? உன் வேர்க்கடலையையா?”

வெர்னனுக்குச் சுருக்கென்றது. ஆனால் தீவு! “நான் என்ன பண்றது கண்ணு, கணக்கு அப்படி வருது” என்று திரையைப் பார்த்தே சொன்னார்.

“சரி, எடுத்துக்கோ. ஆனா என் விளக்குதான் காரணம்னு முதல்ல பாத்துடுவோம்.”

ஃபிரிட்ஜ் மேலிருந்த பழைய டிரான்சிஸ்டரை எடுத்தாள். அப்போதுதான் வெர்னனுக்குப் பழைய ஞாபகம் வந்தது. கிளப்பில் அந்தக் காலத்தில் நரி வேட்டை நடக்கும். ஒருத்தர் டிரான்ஸ்மிட்டரை ஒளித்துவைப்பார், மற்றவர்கள் லூப்பைத் திருப்பித் திருப்பித் திசை பார்த்துத் தேட வேண்டும். வெர்னன் சோளக்காட்டில் வழி தவறி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது, ஒரு பெண் அந்த டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அவளைத்தான் கட்டிக்கொண்டார். அவளுக்கும் ஹாம் லைசென்ஸ் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு ரேடியோவில் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் பத்து வருஷத்துக்கு ஒருதரம் தவறாமல் புதுப்பித்துவந்தாள். ஏன் என்று வெர்னன் கேட்டதில்லை.

விளக்கை அணைத்தாள். அப்போதும் ‘கர்ர்ர்.’ டிரான்சிஸ்டருக்கும் லூப் போலவே ஒரு செவிட்டுப் பக்கம் உண்டு. வாசலில் நின்று, இரைச்சல் அடங்கும்வரை டிரான்சிஸ்டரைத் திருப்பித் திசை பார்த்தாள். சமையலறையிலிருந்து இன்னொரு முறை. இரண்டு திசைக் கோடும் வெர்னனின் மேஜையில் வந்து முட்டின. நேராகப் போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பெரிய இரைச்சல் கப்பென்று நின்றது. தெருக் கரண்டுக் கம்பியின் மெல்லிய முனகல் மட்டும் மிச்சம், லூப் அடக்க வேண்டியது அதைத்தான்.

“உன் கணக்குல என் விளக்கு இருக்கு, மண்ணு இருக்கு. கணக்குப் போடுற பெட்டி மட்டும் இல்லை.”

“அது... ஒரு சின்ன விடுபாடு.”

“கராஜ் ஓரம், குப்பைத்தொட்டி கிட்ட போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்படி வந்துச்சு?”

வெர்னன் ஜன்னல் வழியாகப் பாத்தியைப் பார்த்தார். சிவப்பு முளைகள் அப்போதுதான் தலைநீட்டியிருந்தன. “நல்லாத்தான் வந்துச்சு” என்றார்.

வியாழக்கிழமை முழுக்கக் கராஜ் ஓரத்துச் சரளைக்கல் தரையில் கடப்பாரை போட்டதில் முதுகு இரண்டாகிவிட்டது. மறுநாள் விடியற்காலை முனகிக்கொண்டே எழுந்து ரேடியோ முன் உட்கார்ந்தார். நாற்காலி ஏனோ வெதுவெதுப்பாக இருந்தது. அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. பக்கத்து அறையில் பேசுவது போல் தீவு கேட்டது! தன் அழைப்புக் குறியீட்டையும், ஊரையும், பேரையும் சொன்னார்.

“ஒஹையோவா? ஸ்டக்கியா?” என்றது தீவு. “உங்க வீட்டம்மா கால் மணி நேரம் முன்னாடியே பேசிட்டாங்களே! நீங்க வந்தா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இன்னிக்குக் குப்பை வண்டி வர்ற நாளாம். தொட்டியைத் தெருவுக்குத் தள்ளணுமாம், லூப்புல இடிக்காம.”