சிகாகோவில் லாரி கவிழ்ந்ததால் ஈஜிபுராவில் மாட்டிக்கொண்டது

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை ஹரிஷ்குமார் அவர்களுக்கு,

மாமனார் கோவிந்தப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் லாவண்யாவும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிற சிகாகோவின் தொண்ணூறாம் நம்பர் ரோடு நேற்றுக் காலை தடையில்லாமல் ஓடியது என்று ரேடியோவில் சொல்லிவிட்டான். ஆகவே சுகம் என்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே “சரிங்க மாமா” என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கையால் எழுதி, இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சின்னவள் வீணாவிடம் சொல்லியிருக்கிறேன்.

வீணாவுக்குப் பூ வைத்த விசேஷம் நல்லபடியாக முடிந்ததை லாவண்யா வீடியோவில் பார்த்தாள். ஆனால் அது நம் வீட்டில் நடக்காமல் ஈஜிபுராவில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஏன் நடந்தது என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிற பெண் அவள். அந்த மானத்தை நானே இப்போது கொடியில் காயப் போடுகிறேன், படியுங்கள்.

போன தடவை நீங்கள் வந்தபோது என் செல்போனில் உங்கள் ஊர் சாட்டிலைட் ரேடியோவைப் போட்டுக் கொடுத்தீர்கள். “இங்க எஃப்எம்ல டிராஃபிக் சொல்றவங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு சொல்றாங்க மாமா, இது சாட்டிலைட்” என்றீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். வானத்தில் ஒருவன் உட்கார்ந்து குனிந்து பார்த்துச் சொல்கிறான் என்றே நம்பிவிட்டேன். அப்படியில்லை, அங்கேயும் ஒரு ஆள் கீழே ரூமில் உட்கார்ந்துதான் சொல்கிறான், செல்போனுக்கு அது நெட்டில்தான் வருகிறது என்று வீணா எத்தனையோ தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. ஏனென்றால் நம் சங்கமித்ரா இருக்கிறாளே, எஃப்எம்மில் சாயங்காலம் டிராஃபிக் சொல்கிற பெண், அவள் மூன்று விளம்பரமும் இரண்டு பாட்டும் போட்டுவிட்டு, சில்க் போர்டு ஜங்ஷனில் நெரிசல் என்று கன்னடத்தில் சொல்லுவாள். சில்க் போர்டில் நெரிசல் என்று சொல்ல ரேடியோ எதற்கு? மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி. உங்கள் ஆள் அப்படியில்லை. எந்த ரோட்டில், எந்தப் பக்கம், என்ன கவிழ்ந்தது என்று மூச்சு விடாமல் சொல்வான். நமக்குச் சாயங்காலம் என்றால் உங்களுக்குக் காலை. இரண்டு ஊரும் ஒரே நேரத்தில்தான் ரோட்டில் நிற்கிறது. லாவண்யா கார் எடுக்கிற நேரம் நான் காதில் இயர்போனை மாட்டுவேன். அவள் ஆபீஸ் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று மனசுக்குத் தோன்றினால்தான் கழற்றுவேன். இதனால் உங்கள் ஊரில் எங்கே வெளியேறி எங்கே ஏற வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டியிருப்பது தெரியாமல் விழுந்து முட்டி பெயர்ந்ததும் இதனால்தான்.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். சந்தாபுராவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டும், பொழுது சாய்வதற்குள் பூ வைக்க வேண்டும், அதற்குமேல் நல்ல நேரம் இல்லை என்று பையன் பாலகுமாரின் அம்மா தமயந்தி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீணாவுக்கு வந்த இரண்டு இடம் இதற்கு முன்னால் பேச்சோடு நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். இதுவும் நின்றால் உங்கள் அத்தை என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் ஓசூர் ரோட்டில் அவர்கள் தனியாக மாட்டக்கூடாது, காலமெல்லாம் கம்பெனி பஸ் ஓட்டினவன் நானே போய் அழைத்து வருகிறேன் என்று மார் தட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டி நம் சீனுவுடையது. என்கூட அதே கம்பெனியில் பஸ் ஓட்டினவன். இப்போது சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. சீனியர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பு என்றால் முதலில் திருப்ப வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்கலாம். நான் சீனுவுக்கு சீனியர். மறந்துவிடாதீர்கள், இதுதான் என் தலையில் விழுந்த கல்.

போகும்போது பிரமாதம். திரும்பும்போது சில்க் போர்டையும் ஊர்ந்து கடந்து, கோரமங்கலா தாண்டிவிட்டோம். பின்னால் தமயந்தி அம்மாள் பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பையனும் நாலைந்து உறவுக்காரப் பெண்களும். நேரம் பார்த்து என் கை தானாக இயர்போனைக் காதில் வைத்துவிட்டது. உங்கள் ஆள் சொல்கிறான், தொண்ணூறாம் நம்பர் ரோட்டில் லாரி கவிழ்ந்துவிட்டது, இரண்டு லேன் மூடியாகிவிட்டது என்று. அது லாவண்யா வருகிற இடம். நான் இருப்பது வேன், பின்னால் இருப்பது சம்பந்தி வீட்டார் என்பதெல்லாம் மறந்து, என் பெண் பக்கத்தில் கார் ஓட்டுகிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“முன்னால போகாத கண்ணு, ரைட்ல இறங்கிடு, இறங்கிடு.”

சீனு திருப்பிவிட்டான். சீனியர் தன்னை எதற்குக் கண்ணு என்று கூப்பிடுகிறார் என்று மட்டும் யோசித்தானாம். நல்ல நாளாச்சே, பாசமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டானாம்.

அப்படித்தான் ஈஜிபுரா சந்துக்குள் போனோம். எதிரே தண்ணீர் லாரி, பின்னால் சிலிண்டர் ஆட்டோ, இடது பக்கம் தோண்டிப்போட்ட சாக்கடை. வேனின் கண்ணாடி ஒரு கரண்ட் கம்பத்தோடு ஒட்டி உறவாடிக்கொண்டு நின்றது. வெயில் மாடிச்சுவரில் ஏறிக்கொண்டே போகிறது. பின்னால் ஒரு அம்மா, பூ எடுத்த அன்றைக்கே வழி அடைக்குது, சகுனம் சரியில்லை என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். பையன் பாலகுமார் தலையைக் குனிந்துகொண்டான். நான் உங்கள் அத்தை மரகதத்துக்குப் போன் போட்டு நடந்ததை ஒப்பித்தேன்.

“லாவண்யா தங்கச்சிக்குப் பூ வெக்கிறத பார்க்கணும்னு லீவு போட்டுட்டு காலங்காத்தால எழுந்து வீடியோல உக்காந்திருக்கா. அமெரிக்காவுல விழுந்த லாரிக்கு ஈஜிபுராவுல மாட்டுன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள்.

மாப்பிள்ளை, அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கமா நிம்மதியா என்று இன்றுவரை தெரியவில்லை. பெண் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து தமயந்தி அம்மாள், என்ன சம்பந்தி, யார்கூட பேசிட்டு வர்றீங்க என்று கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சாட்டிலைட், சிகாகோ, லாரி, கண்ணு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த சம்பந்தமும் போச்சு என்று முடிவுகட்டி, காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா?

“எங்க வீட்டுக்காரருக்கு நான் வெளிய போனா வந்தேனா இல்லையான்னே தெரியாது. இவரு அமெரிக்கா ரோட்டையே காவல் காக்குறாரு. பூவுக்கு எந்தத் தெருவா இருந்தா என்னா, பொண்ண இங்கயே வரச் சொல்லுங்க.”

முணுமுணுத்த அம்மா பூத்தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

இனிமேல்தான் சங்கமித்ராவின் வேலை. மரகதம் எஃப்எம்முக்குப் போன் போட்டு, பெண்ணை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு பொழுது சாயறதுக்குள் ஈஜிபுரா போகணும், எந்த ரோடு திறந்திருக்கு என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். சங்கமித்ரா பாட்டைப் பாதியில் நிறுத்தி, “கேளுகரே, ஸ்வல்ப சகாய மாடி” என்று நேயர்களிடம் உதவி கேட்டாள். சீனுவின் வேனிலும் அதே எஃப்எம்தான் ஓடியது. அப்புறம் பாருங்கள், அல்சூரிலிருந்து ஒரு பூக்காரர் ரேடியோவுக்குப் போன் போட்டு, ஏரிக்கரைப் பக்கம் காலி என்கிறார். தோம்ளூரிலிருந்து ஒரு ஆட்டோக்காரர், இந்தப் பக்கம் வராதீங்கம்மா, சுற்றி வாங்க என்கிறார். வீணா ஓட்ட, பின்னால் மரகதம் ஒரு கையில் கேசரி டப்பா, ஒரு கையில் ரேடியோ ஓடுகிற போன், வாயில் திருப்பம். உங்கள் ஆள் மேலேயிருந்து சொல்லிக்கொண்டே போவான், நாம் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. சங்கமித்ராவுக்குக் கேட்கிறது. அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை மாப்பிள்ளை, ஊரே அவளுக்கு ஜன்னல்.

எந்தச் சந்து என்று ரேடியோவில் சொன்னதும் வேன் நின்ற இடத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆஞ்சலா என்று ஒரு அம்மா, வீட்டிலேயே துணி தைக்கிறவர். “அது நீங்கதானா? வாங்க உள்ள” என்றார். மெஷினை ஓரம் தள்ளி, ஜமக்காளம் விரித்து, எல்லாருக்கும் டீ போட்டார். வீணா வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால், காலையிலிருந்து பின்னிய தலை தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. ஆஞ்சலாதான் மறுபடி சீவிப் பின்னிவிட்டார். மாடிச்சுவரில் வெயில் ஒரு சாண் இருக்கும்போதே தமயந்தி அம்மாள் பூ வைத்துவிட்டார். தண்ணீர் லாரி டிரைவர் வரைக்கும் கேசரி சாப்பிட்டார். கடைசியில்தான் தெரிந்தது, அவர் எங்களால்தான் அவ்வளவு நேரம் போக முடியாமல் நின்றிருக்கிறார்.

ஆக, யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சங்கமித்ராவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவள் அதையும் ரேடியோவில் போட்டுவிட்டாள். ஆஞ்சலா வீட்டுக்கு முதல் பத்திரிகை வைக்கப் போகிறோம். ரேடியோ கொடுத்த உங்களுக்கும் நன்றி. அது இல்லையென்றால் இவ்வளவு நல்ல சம்பந்தி என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் இனி அது வேண்டாம் மாப்பிள்ளை. அதற்கு நீங்கள் கட்டுகிற சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். நான் வாழ்கிற ஊர் ரோட்டைப் பார்த்து நடக்கப் பழகிக்கொள்கிறேன்.

நீங்களும் என் மகளும் போகிற வழியெல்லாம் திறந்திருக்கட்டும், பச்சை விளக்கே எரியட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்
கோவிந்தப்பா

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கும்போது இங்கே விளக்கு வைக்கிற நேரம். தொண்ணூறாம் நம்பர் ரோட்டில் பனி கொட்டுகிறது, வழுக்குகிறது என்கிறான். லாவண்யாவை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சந்தாவை நிறுத்த வேண்டாம். இயர்போனில் ஒன்று என் காதில் இருக்கிறது, இன்னொன்று உங்கள் அத்தை காதில் இருக்கிறது.