எய்ட்கே அண்ணனின் யானை

கண்டியில் யானையின் இமைமுடியை எண்ணிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் எய்ட்கே அண்ணன்தான். ஊரே பெரஹரா ஊர்வலம் பார்த்தபோது, அவர் ஒரு யானையின் இடது கண்ணை மட்டும் பதினைந்து நிமிடம் வீடியோ எடுத்தார்.

கட்டுக்கலை போர்டிங்கில் என் அறைக்காரர். ஊர் மடுல்கெல்ல, வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். மங்கலாக எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. அதனால் போனிலேயே மிகத் தெளிவான எய்ட்கே (8K) தரத்துக்குக் கீழே வீடியோ எடுக்கவே மாட்டார். அதுவோ நிமிடத்துக்கு அரை ஜிபிக்கு மேல் விழுங்கும். போன் நிறைந்ததும், பஸ்ஸில் சீட் கேட்பதுபோல் வந்து நிற்பார்.

"தம்பி, ஒங்க போன்ல எடம் இருக்குமா? யானையக் கொஞ்ச நாளைக்கு வச்சிருங்க."

இப்படி யானை என் போனுக்கு வந்தது. பருப்பு கொதிக்கும் வீடியோ பக்கத்து அறைக்காரரின் போனுக்குப் போனது. ஒன்றை மட்டும் யாரிடமும் தரமாட்டார். அவருடைய அம்மா முதன்முதலாக டவுனுக்கு வந்து, கடைத்தொகுதியின் நகரும் படியில் கால் வைக்கப் பயந்து, சிரித்துச் சிரித்துப் பின்வாங்கிய இருபது நிமிடம் அது.

என் கல்யாணத்தன்று வீடியோக்காரர் மண்சரிவில் மாட்டிக்கொண்டார். "நான் இருக்கேன்ல," என்று அண்ணன் முன்னால் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா?

"எல்லாரும் போன உள்ள வைங்க. குறுக்க யாரும் கையத் தூக்கக் கூடாது."

ஒருவர் விடாமல் அடக்கிவிட்டு, வாழைமரத்தையும் ஐயரின் கடுக்கனையும் வீடியோவாக எடுத்துத் தள்ளினார். நான் தாலியைக் கையில் எடுத்தேன். அவர் போன் இடமில்லை என்றது.

"குவாலிட்டியக் கொறச்சி எடுங்கண்ணே," என்றேன்.

"தாலிய மங்கலாவா? வாயக் கழுவுங்க தம்பி."

"நேரம் போகுது," என்றார் ஐயர்.

அண்ணன் எதையோ தட்டினார். கொஞ்சம் நின்று, மறுபடி தட்டினார். பிறகு தலையசைத்தார். கட்டினேன்.

அழித்தது அம்மாவை என்று பந்தியில்தான் சொன்னார்.

"அந்த வாழமரத்த அழிச்சிருக்கலாமேண்ணே."

"அது ஒங்க கல்யாணம்ல. அம்மாவ மறுபடி கூட்டிட்டு வந்து எடுத்துக்கலாம்."

அடுத்த மாதமே கூட்டிவந்தார். அம்மாவோ விறுவிறுவென்று படியேறி, மேலே நின்றபடி, "என்னடா அங்கேயே நிக்கிற? வா," என்றாராம். பயம் போய்விட்டது, அந்தச் சிரிப்பும் இல்லை. அதையும் அண்ணன் எய்ட்கேயில்தான் எடுத்தார்.

என் போன் இப்போது தினமும் இடமில்லை என்கிறது. மனைவியும் எதையாவது அழிக்கச் சொல்கிறாள். அண்ணன் தந்த கல்யாண வீடியோவில் என் விரலில் ஒட்டிய மஞ்சள்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே அண்ணனின் யானை இருக்கிறது. அவர் வந்து கேட்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.