அக்காள்மடத்து ஆதிப்பாறை

பாறைகளை ஆராய்கிறவர்கள் பொறுமைசாலிகள் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நான் இதுவரை கெடுத்ததில்லை, இன்று கெடுக்கிறேன். ஒரு பாறை பூமிக்கு அடியில் வெந்து, நசுங்கி, வேறொரு பாறையாக மாறப் பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதைப் படிக்கப் போன எனக்கோ பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க முடியாது. (எங்கள் வீட்டில் என்னைச் சமைக்க விடாததற்கு உண்மையான காரணம் என் படிப்பு அல்ல, இதுதான்.)

இராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் கடல் தொழில். படகில் கால் வைத்தாலே குமட்டுகிற ஒரே பிறவி நான். ஆகவே அசையாத பொருளாகப் பார்த்துப் பாறையைப் படிக்கப் போனேன். முதல் வாரமே கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தவிர, எங்கள் தீவில் பாறை என்று மதிக்கத்தக்க எதுவும் கிடையாது. மணலும் பவளச் சுண்ணாம்பும்தான். அம்மிக்கல்கூடப் பாம்பன் பாலம் தாண்டித்தான் வரவேண்டும்.

முனைவர் பட்டத்துக்காக மதுரைக்கு மேற்கே மலைகளில் அலைந்துகொண்டிருந்தேன். அங்கே கார்னெட் என்னும் சிவப்பு மணிகள் பதிந்த உருமாற்றப் பாறைகள் உண்டு. அதே ஜாதிப் பாறைகள் இலங்கையிலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இரண்டும் ஒட்டிக் கிடந்த நிலம். நடுவிலிருக்கும் எங்கள் கடற்கரையில் மட்டும் அந்தப் பாறை மணலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஆழத்தில் கிடக்கிறது.

என் ஆய்வு வழிகாட்டியான மேடம் இலங்கைக்கு ஒரு களப்பயணம் ஏற்பாடு செய்திருந்தார். மாணவர்களில் ஒருவருக்குத்தான் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். தூக்கம் கெட்டுப்போகிற அளவுக்கு வேண்டும். மேடமோ முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். முந்தைய பயணத்தில், ஏதோ லாரி ஒழுகவிட்டுப் போன கிரீஸைப் பார்த்து “கிராஃபைட்!” என்று நான் கத்திய கத்தலில் மொத்தக் குழுவும் ஒரு குவாரி மேட்டில் ஏறி இறங்கியிருந்தது. “ரோஸி, ஒரு தடவையாவது முழுசாப் பாத்துட்டு வாயத் தொற. அப்புறம் இலங்கையப் பத்திப் பேசலாம்” என்றார் மேடம்.

இந்த நிலையில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இரவெல்லாம் அடித்த வாடைக்காற்று ஓய்ந்த ஒரு காலையில், கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தபோது, அலையோரத்தில் அது கிடந்தது.

முற்றிய தேங்காய் அளவுக்கு ஒரு கல். உடம்பெல்லாம் சிப்பி அப்பியிருந்தது. சிப்பி இல்லாத ஒரு பக்கத்தில் சிவப்பு மணிகள் ஈரத்தில் மினுங்கின. கார்னெட்! எங்கள் கரையில்! கல்லைச் சுற்றி ஒரு நீல நைலான் கயிறு இருந்தது. கடலை இப்படிக் குப்பையாக்குகிறார்களே என்று மனம் நொந்து, அந்தக் கயிற்றைக் கஷ்டப்பட்டு அறுத்து எறிந்தேன். (முடிச்சு மிக நேர்த்தியாக இருந்தது. கடலலைக்கு முடிச்சுப் போடத் தெரியுமா என்று வலைக்காரன் வீட்டுப் பெண் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.)

அங்கேயே நின்று மேடத்தை அழைத்தேன். அவர் உறவுக்காரரின் அறுபதாம் கல்யாணத்துக்காகப் பரமக்குடிக்கு வந்திருந்தார்.

“மேடம், அடிப்பாறை மேல வந்துருச்சு! கார்னெட்டோட!”

“முழுசாப் பாத்தியா?”

“பாத்துட்டேன் மேடம்.”

பொய்யில்லை. என் அகராதியில் முழுசு என்றால் அவ்வளவுதான். நாதஸ்வரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி மேடம், “இரு, கார்ல கிளம்பி வர்றேன்” என்றார்.

கல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில், அம்மாவின் நல்ல மேசை விரிப்பின்மேல் வைத்தேன். பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். குழந்தை ஏசுவைவிடக் கல்லுக்குக் கூட்டம் அதிகம். மீன் கழுவிய கையோடு அண்ணன் மனைவி எட்டிப் பார்த்தார்.

“ஏ ரோஸி, இந்தக் கல்லு...”

“தொடாதீங்க மதினி! ஐம்பது கோடி வருசத்துக்கு முந்தினது.”

“அதுக்கில்லத்தா, இது வந்து...”

“மதினி, மேடம் வாராக. நல்லா ஏலக்காய் தட்டி டீ போடுங்க.”

“உங்கண்ணன் இன்னும் கடல்லருந்து வரல. வந்தாகன்னா...”

“அண்ணன் பேரையும் பேப்பர்ல போட்டுருவோம், கவலப்படாதீங்க.”

மதினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். நான் கட்டுரைக்குத் தலைப்பு வைத்து, பாறைக்கு ஊர் பேரைச் சூட்டி, இலங்கைக்கு எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்பதுவரை முடிவு செய்துகொண்டு, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன்.

மேடம் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்து இறங்கினார். டீயைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். (கல்யாணத்துக்கும் லென்ஸோடு போகிறவர்.) கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு பரபரப்பு ஏறியதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு கத்தி கேட்டு வாங்கி, அடிப்பக்கத்துச் சிப்பியை மெதுவாகச் சுரண்டினார்.

உள்ளேயிருந்து வெள்ளைப் பெயின்ட் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் எடுத்த மாதிரிக் கல்லில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் கறுப்பில் எண் எழுதுவோம். அந்தப் பொட்டின்மேல், இடுப்பில் கோடு போட்ட ஏழு ஒன்று இருந்தது. அப்படி ஏழு எழுதும் ஆள் எங்கள் துறையில் நான் ஒருத்திதான்.

“ரோஸி, இது யார் எழுத்து?”

“என்னோடதுதான் மேடம்.”

“கல்லு எந்த ஊரு?”

“மதுரைப் பக்கம், மேடம்.”

அடுப்படி வாசலில் நின்ற மதினி அப்போதுதான் முழு வாக்கியம் பேசினார். “அதச் சொல்லத்தாங்க நானும் வாயத் தொறந்து தொறந்து மூடுனேன். போன வருசம் ஒரு சாக்குக் கல்லக் கொண்டாந்து, ‘வேண்டாத கல்லு மதினி, தூக்கிப் போட்டுருங்க’ன்னுட்டுப் போனா. இங்கன யாராச்சும் கல்லத் தூக்கிப் போடுவாகளா? அவுக அண்ணன் நண்டு வலைக்குப் பாரமா எடுத்துக் கட்டுனாக.”

பூமி பிளக்காதா என்று நினைத்தேன். கண்டங்களின் நகர்வு அவ்வளவு அவசரத்துக்கெல்லாம் உதவாது.

சொல்லிவைத்தாற்போல் அண்ணன் உள்ளே நுழைந்தார். “அட, நம்ம கல்லு! வலை அத்துக்கிட்டுப் போச்சுன்னு விடியக்காலமிருந்து தேடுறேன். எங்கன கெடந்துச்சு? கயிறு எங்கத்தா?”

“அறுத்துப் போட்டுட்டேன்ணே.”

“அடிப்பாவி, புதுக் கயிறு!”

மேடம் அப்போது சிரிக்க ஆரம்பித்தவர், மதினி வைத்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்தவில்லை. நானும் கூடச் சிரித்துவைத்தேன். காரில் ஏறும்போது மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இந்தத் தடவ இலங்கைக்குச் செல்வி போகட்டும்.” செல்வி என் அறைத்தோழி, எதையும் கடைசிவரை பார்க்கிறவள். கார் மறைந்ததும் கொல்லைப்பக்கம் போய் நன்றாக அழுதேன். தப்பு முழுக்க என்னுடையது என்பதால் யாரையும் திட்டி ஆறவும் வழியில்லை.

அடுத்த பயணத்துக்கு மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார். கண்டி மலையில் ஒரு பாறையைப் பார்த்துவிட்டு, “மேடம்!” என்று நான் ஓடியபோது, அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: “மதினிகிட்ட கேட்டியா?” அன்றிலிருந்து எங்கள் துறையில் அதுதான் சட்டம். மதினி யாரென்றே தெரியாத மாணவர்கள்கூட, யாராவது அவசரப்பட்டால், “மதினி பாத்தாச்சா?” என்கிறார்கள்.

நான் நிஜமாகவே கேட்கிறேன். போன மாதம் ஒரு கட்டுரையை அனுப்புவதற்குமுன், போனில் மதினிக்குத் தமிழில் முழுவதும் சொன்னேன். கண்டங்கள் மோதியது, பாறை வெந்தது, கார்னெட் முளைத்தது எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எல்லாஞ் சரித்தா” என்றார் கடைசியில். “அந்தக் கல்ல அங்கன கொண்டுபோய்ப் போட்டது நீயில்லையே?”