படகுக்கு மஞ்சப்பத்து போட்ட கதை

பக்கத்து ஊட்டுக்காரி சொன்ன பேயி கெடக்கட்டும் மல்லிகா, என் பேயிக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு பேயா? உக்காரு, கருவாடு காயறதுக்குள்ள சொல்லிடுறேன். (எங்க ஊட்டுல எவனாச்சும் இருந்தா சொல்ல விடமாட்டான், சிரிச்சே மானத்த வாங்கிடுவான்.)

பத்து வருஷம் இருக்கும். எங்க ஊட்டுக்காரரு பாய் கட்டுற சின்ன ஃபைபர் போட்டுலதான் தொழிலுக்குப் போவாரு. காவிரி கடல்ல விழுற எடத்துல கருங்கல்லு கொட்டி வச்சிருக்கானுவல்ல, அதுல ஒரசி, போட்டு அடியில முதுகெலும்பாட்டம் நெடுக ஓடுமே, அது பொளந்துபோச்சு.

ஒட்டுறதுக்கு அந்தோணி வந்தான். போட்ட தோப்புல கவுத்துப்போட்டு, பொளவ சுத்தித் தேச்சு வழிச்சான். "யக்கா, தொட்டுறாதீங்க, தூசி கூட ஒட்டக்கூடாது"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

சும்மா இருந்தேனா? பனி மூட்டத்துல அது கெடந்தத நீ பாக்கலடி. தோலுரிச்ச ஏதோ ஒண்ணு குப்புறப் படுத்திருக்காப்ல. உள்ளேருந்து ம்ம்ம்னு மொனகல் வேற. (காத்துதான். இப்ப சொல்றேன் காத்துன்னு!) காயம் பட்ட ஒடம்புக்கு மஞ்சப்பத்து போடாம விடுவமா? நல்லெண்ணெயில மஞ்சளக் கொழச்சு பொளவு பூரா தடவிட்டேன்.

அந்தோணி வந்து, "என்னக்கா மஞ்சளா இருக்கு?"ன்னான்.

"மாரியாத்தாளுக்குப் பூசை"ன்னேன். எண்ணெய நான் சொல்லல. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன்தான், ஆனா சாமிக்குப் பூசினதத் தொடைக்க அவனுக்கும் பயம். அது மேலயே நார்த்துணிய வச்சு, பசைய ஊத்தி ஒட்டிட்டுப் போயிட்டான்.

செத்த நேரம் கழிச்சு உள்ளங்கைய வச்சு அமுக்கிப் பாக்குறேன், கொதிக்குது! காச்சக்காரன் நெத்தியாட்டம். அந்தப் பசை காயறப்ப சூடாவும்னு எனக்கு எவன் சொன்னான்? போட்டுக்கு உசுரு வந்திருச்சுன்னு ஓடியாந்துட்டேன். எண்ணெக்கையி, அதனால ஒட்டல. ஆனா அஞ்சு வெரலும் வளையலும் அச்சா பதிஞ்சுபோச்சு. நான் மூச்சு விடல.

ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலம் அவரு கடலுக்குப் போனாரு. ஒரே பனி. கரையில நிக்கிறேன். அலை எதையோ உருட்டி உருட்டிக் கொண்டாந்து என் கால்ல போடுது. குனிஞ்சு பாத்தா, மஞ்சளா ஒரு கை. மணிக்கட்டுல வளையல் தடம். என் கையிடி! அப்ப நிக்கிற நான் யாரு?

"நான் செத்துட்டேன்!"னு கத்துனேன்.

அந்தோணி ஓடியாந்தான். பொரட்டிப் பாத்தான், மோந்து பாத்தான், மூஞ்சி வெளுத்துப்போச்சு. "யக்கா, இது நான் போட்ட ஒட்டு. எண்ணெ வாட அடிக்குது. அண்ணன் ஓட்ட போட்டுல இருக்காரு!"

ரெண்டு போட்டு தேடிப் போச்சு. மோட்டார் சத்தம் பனிக்குள்ள போயி கரைஞ்சுது. அப்பறம் ஒண்ணுமே கேக்கல. மாரியாத்தாளக் கூப்பிடவும் வாய் வரலடி. அவ பேரச் சொல்லித்தான எண்ணெய மறச்சேன்?

வெயில் ஏறினப்ப கயிறு கட்டி இழுத்தாந்தாங்க. மனுசன் கைலிய உருவி பொளவுல அடச்சு, அது மேலயே உக்காந்திருக்காரு, இடுப்புல சாக்கு. கரையேறி மொதப் பேச்சு: "எவடி எம் போட்டுக்கு எண்ணெ தேச்சிவிட்டது?"

இப்ப ரேசன் கடை மிஷினுல என் ரேகை விழமாட்டேங்குது. வெரலு தேஞ்சுபோச்சாம். நான் அமுக்கி அமுக்கிப் பாப்பேன். பின்னாலேருந்து அவரு, "அங்க இல்ல தம்பி, கடல்ல வல போட்டுத் தேடுங்க"ம்பாரு. வரிசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆனா ஒண்ணுடி, அந்தோணி அந்தக் கைய மறுபடி கடல்லயே வீசிட்டான். பனி நாள்ல நான் மட்டும் அந்தப் பக்கம்... ஏய், சூ! காக்கா கருவாட்டத் தூக்குது பாரு, அந்தக் கம்ப எடு!