ஊரிலை எவடம், ஒக்சானா?

‘எவடம்’ இனத்தாரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒருவரைக் கண்டதும் சுகமா என்று கேட்பதெல்லாம் இவர்களுக்கு வீண்வேலை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தோண்டித் துருவி, ஆளை உரிய பெட்டியில் போட்டு மூடிய பிறகுதான் இவர்களுக்கு மூச்சே வரும்.

நோர்வேயில், புருசெத்தில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ஞானரட்ணம் இந்த இனத்தின் சக்கரவர்த்தி. நம்மவர்களை எப்போதோ அளந்து முடித்துவிட்டார். உக்ரைனில் போர் தொடங்கியதும் அளக்கப் புதிதாக ஒரு தேசம் கிடைத்தது. ஜார் மன்னர்கள் அந்த மண்ணை எப்படியெல்லாம் குபேர்னியாக்களாக, அதாவது மாகாணங்களாக, வெட்டினார்கள், எதற்குள் எந்த மாவட்டம் இருந்தது, எல்லாம் யூடியூப் பார்த்தே மனப்பாடம். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

போன வசந்தத்தில், குடியிருப்பார் எல்லாரும் கூடி முற்றம் துப்புரவாக்கும் டுக்னாட் நாள். கோப்பி குடிக்கும் நேரத்தில் மூன்றாம் மாடி ஒக்சானா எழுந்து நின்றாள். தம்பி போரில் பிடிபட்டு ரஷ்யச் சிறையில் இருக்கிறானாம். நாளைக்குப் பாராளுமன்றத்தின் முன் அவன் படத்தோடு நிற்கப் போகிறாளாம். கூட வந்து நிற்பீர்களா என்று தட்டுத்தடுமாறி நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

“ஊரிலை எவடம்?” என்றார் ஞானரட்ணம், தன் நோர்வேஜிய மொழியில்.

“மெலித்தோப்போல்.”

“ஆ! தவுரிதா குபேர்னியா! அப்ப நீங்கள் உக்ரைன் எண்டு சொல்லுறது முழுக்கச் சரியில்லை. ஜாரின்ரை காலத்திலை அது கிரிமியாவோடை சேர்ந்தது...”

பேருரை நீண்டது. கோப்பி ஆறியது. சனம் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு மெல்ல நழுவியது. ஒக்சானா உட்கார்ந்துவிட்டாள்.

“என்னப்பா, அவள் தம்பியைப் பற்றிக் கதைக்கிறாள், நீங்கள் ஜாரைப் பற்றிக் கதைக்கிறியள்” என்றார் அவருடைய மனைவி ஞானமலர்.

“வரலாறு தெரியாமல் எப்பிடியப்பா ஆதரவு குடுக்கிறது?”

எங்கள் இறுதிப் போர் நடந்தபோது இதே பாராளுமன்றத்தின் முன் குளிரில் பதாகையோடு நின்றவர்தான் இந்த ஞானரட்ணம். அன்று வழியில் போன நோர்வேக்காரர் ஒருவர் வந்து, மன்னார் ஆங்கிலேயர் காலத்தில் எந்த மாகாணம் என்று கேட்டிருந்தால், பதாகைத் தடியாலேயே பதில் சொல்லியிருப்பார்.

மறுநாள் எங்கள் கட்டடத்திலிருந்து ஒக்சானாவின் பக்கத்தில் போய் நின்றவர் ஞானமலர் மட்டும்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். தவுரிதா எங்கே இருக்கிறது என்று தேட உங்கள் கை இப்போதே கைத்தொலைபேசிக்குப் போகிறது. அந்தத் தம்பியின் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.